மணற்காட்டில் நிற்காத கூடாரம்

பொங்கல் முடிந்த கிழமை, மச்சானுடன் மணற்காட்டுக்குப் போனேன். மணல் தொடங்கும் இடத்திலேயே ரயர்க் காற்றை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்கியதால் ஜீப் புதையவில்லை. வம்பு செய்தது கூடாரம்தான். வாடைக்காற்று ஒரு தள்ளுத் தள்ள, கம்பி முளைகள் நான்கும் கழன்று வந்தன.

"நீள முளை வாங்கியிருக்கலாம், அத்தான்" என்றான். உலர்மணலில் மெல்லிய கம்பி எவ்வளவு நீளமானாலும் அறுத்துக்கொண்டுதான் வரும். அகலமான ஒன்றைக் குறுக்கே புதைத்தால், மேலுள்ள மணலே அதை அமுக்கிப் பிடிக்கும்.

வழியில் விறகுக்கென்று பொறுக்கிய பனைமட்டைகள் கைகொடுத்தன. ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, நடுவில் கயிறு கட்டி, ஈரமணல் தட்டும்வரை, ஏறத்தாழ இரண்டடி, தோண்டினோம். மட்டையைக் கயிற்றுக்குக் குறுக்கே கிடத்தி, கயிறு சாய்வாக வெளியேற ஒடுங்கிய வெட்டு விட்டு, மூடி மிதித்தோம். முதல் மட்டையில் கருக்கை, அதாவது ஓரத்தில் வாள்பல் போலிருக்கும் கூரை, சீவ மறந்தேன். அரைமணியில் கயிறு அறுந்தது. கருக்கைச் சீவி மறுபடி கட்டிப் புதைத்தபின் விடியும்வரை கூடாரம் அசையவில்லை.

காலையில் மட்டையை இழுத்தெடுக்கப் பார்த்த மச்சான் மல்லாக்க விழுந்தான். தோண்டித்தான் எடுக்க வேண்டும்.