சப்வூஃபர் கேபிள் வாங்குமுன்: காசு தின்னும் பிழைகள்

சிவப்புப் பிளக்கை வெள்ளைத் துளையில் செருகுவது, ஸ்பீக்கர் வயரை வெட்டி சப்பில் (பேஸ் என்ற அடிச் சத்தத்துக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரில்) கொழுவப் பார்ப்பது போன்ற பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாரும் அரை மணித்தியாலத்தில் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். மட்டக்களப்பு, கல்லடி, ஆரையம்பதி, கல்முனை என்று வீட்டுத் தியேட்டர் பூட்டிக் கொடுக்கிற வேலையில், புதிதாக இந்த ஆசை பிடித்த பொடியன்மார் ஒரே குழியில் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிதான். அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் இந்தக் கேபிளுக்கு என்ன வேலை என்று தெரிய வேண்டும். ரிசீவரின், அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின், முதுகில் இருக்கும் ‘சப் அவுட்’ துளையிலிருந்து ஓரிரு வோல்ட் சிக்னலை, சப்புக்குள் இருக்கும் அம்ப் (அம்ப்ளிஃபயர்) வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஸ்பீக்கர் வயரில் ஓடுவதுபோலப் பெரிய கரண்ட் இதில் ஓடுவதில்லை. படங்களில் சப்புக்கென்று தனியாக வரும் அடிச் சத்தத் தடம், எல்.எஃப்.இ என்பது, 120 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். ஹோலில் ஓடுகிற வயர்களிலேயே இலேசான வேலை இதற்குத்தான். ஆனால் ஆட்கள் ஆகக் கூடுதலாகக் காசைக் கொட்டுவதும் இதில்தான்.

பேஸ் கூடும் என்று விலையைக் கூட்டுவது

கணக்கைப் பாருங்கள். நல்ல 75 ஓம் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை போட்ட வயர்) ஒன்றின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும் அளவு, மீட்டருக்கு ஏறத்தாழ 53 பிகோஃபரட். பெரிய ஹோலைச் சுற்றி 10 மீட்டர் இழுத்தாலும் 530தான். ரிசீவரின் வெளியீட்டுத் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், சிக்னல் 3 டெசிபல் விழுவது 3 லட்சம் ஹேர்ட்ஸில். உங்கள் சப் தொடுவது 120. கேபிள் பேஸைத் தின்கிறது என்று சொல்லி விற்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கத் தக்கவை இதில் இல்லாமல் இல்லை. நெருக்கமாகப் பின்னிய செம்பு ஷீல்ட் (நடுக்கம்பியைச் சுற்றிய காவல் உறை), ஒழுங்காக ஈயம் பற்றிய அல்லது அழுத்திப் பூட்டிய பிளக், இழுபட்டாலும் கழராத கழுத்து. பெல்டன் 1694ஏ என்ற கேபிள் தொலைக்காட்சி நிலையங்களின் வீடியோ வேலைக்குச் செய்தது. நடுக்கம்பி முழுச் செம்பு. அதன்மேல் ஃபொயில், அதற்கும் மேல் 95 வீதம் மூடிய, வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல். அதற்கு இரண்டு பக்கமும் நல்ல ஆர்சிஏ பிளக் (நடுவில் ஊசி, சுற்றி வளையம் உள்ள சாதாரண ஓடியோ பிளக்) போட்டால் எந்த வீட்டுச் சப்புக்கும் தாராளம். கொஞ்சம் விறைப்பு, மூலையில் மடிக்க முடியாது, அதுதான் குறை. இதற்கு மேல் கொடுக்கிற காசு கேபிளின் உடுப்புக்குப் போகிறது. உடுப்பு அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமில்லை, உடுப்புக்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

மறுபக்கம் போய், டிஷ் பூட்டியபோது மிஞ்சிய ஆர்ஜி6 என்ற அன்டெனா வயருக்கு முனை போட்டுக் கொடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மலிவான ஆர்ஜி6 பலவற்றில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, ஷீல்ட் அலுமினியம், பின்னலும் ஐதானது. டிஷ்ஷின் உயர் அதிர்வெண்ணுக்கு அது போதும். 50 ஹேர்ட்ஸ் இரைச்சலோடு மல்லுக்கட்ட அந்த ஷீல்ட் காணாது.

வெள்ளிக் கம்பி

வேண்டாம்.

இரைச்சலைக் கேபிளால் துரத்துவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

சப்பிலிருந்து ‘ங்ங்ங்’ என்று ஓயாத இரைச்சல். படம் ஓடும்போது தெரியாது, இராச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் தெரியும். உடனே கேபிளில்தான் பிழை என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடையில் கேட்டால் ‘ஷீல்ட் காணாது, கொஞ்சம் நல்லதாப் போடுங்க’ என்பார்கள். ஒன்று வாங்குவார்கள், சரிவராது. அதைவிட விலையில் இன்னொன்று. பிறகு வெளிநாட்டிலிருக்கிற சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் போகும்.

ஆரையம்பதியில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வீடு. மகள் சுவிஸில். ஊருக்கு வந்தவர்களிடம் அவ கொடுத்துவிட்ட கேபிள் பெருவிரல் மொத்தம், கறுப்பு நைலோன் பின்னல், மரப்பெட்டிக்குள் வந்திருந்தது. விலையைச் சேர் சொல்லவில்லை. பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்துவந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“தம்பி, வயரில குறை சொல்ல ஏலாது. மகள் விசாரிச்சுத்தான் வாங்கினவ. ஆனா இந்த இரைச்சல் மட்டும் போகுதில்லயே.”

குசினி வாசலில் நின்ற அம்மா, “நான் பிரிட்ஜ் எண்டெல்லோ நினைச்சிருந்தன்” என்றா.

கூரையில் டிஷ். அதன் வயர் ஜன்னலால் இறங்கி டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து சுவிஸ் கேபிள் சப்புக்கு. சப்புக்கு மூன்று பின் பிளக். நான் போய்க் கேபிளைத் தொடவேயில்லை. டிஷ் வயரைப் பெட்டியின் பின்னால் திருகிக் கழற்றினேன், இரைச்சல் நின்றது. திரும்பக் கொண்டுபோய் வைத்தேன், திருகு பிடிக்கவும் இல்லை, ங்ங் என்று தொடங்கிவிட்டது. சேர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து முனையில் துடைத்துக்கொண்டு, “அப்ப வயர்?” என்றார்.

வயரில் ஒரு பிழையும் இல்லை. கூரையில் டிஷ் இரும்புக் குழாயோடு ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சப் மூன்றாவது பின் வழியாக வீட்டின் ஏர்த் கம்பியைத் தொடுகிறது. இரண்டு பூமிக்கும் இடையில் சின்ன வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், டிஷ் வயர், எச்டிஎம்ஐ, சப் கேபிள் ஆகிய மூன்றின் ஷீல்டிலும் ஒரு சுற்று கரண்ட் ஓடும். ஆர்சிஏ கேபிளில் ஷீல்ட் வெறும் காவல் இல்லை, சிக்னல் திரும்பி வரும் வழியும் அதுவே. ஆகவே அந்தச் சுற்றுக் கரண்ட் ஷீல்டில் உண்டாக்கும் வோல்ட் நேரே சிக்னலோடு கலந்துவிடும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சப் நன்றாக முழங்குகிற இடமும் அதே 50தான். மற்ற ஸ்பீக்கர்களில் அவ்வளவாகத் தெரியாத இரைச்சல் இதில் மட்டும் எடுப்பாகக் கேட்பது அதனால்தான்.

தடித்த ஷீல்ட் உள்ள கேபிளைப் போட்டால் ஷீல்டின் தடை குறைவதால் இரைச்சலும் ஒரு சொட்டுக் குறையும். ஆட்கள் ஏமாறுவது இந்த ஒரு சொட்டில். குறைந்திருக்கிறதே, இன்னும் நல்லது போட்டால் முழுக்கப் போய்விடும் என்று அடுத்த கேபிளுக்கு ஓடர் போடுகிறார்கள். போகாது. சுற்றை உடைக்காத வரைக்கும் போகாது.

ஆகவே கேபிளுக்குக் காசு கட்டுமுன் இதைச் செய்யுங்கள். சப்பை ஓஃப் பண்ணி, கேபிளைச் சப்பின் பக்கத்தில் கழற்றிவிட்டுத் திரும்ப ஓன் பண்ணுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு சப்புக்குள்ளே, எந்தக் கேபிளாலும் அது தீராது. நின்றுவிட்டால் கேபிளை மீண்டும் மாட்டி, டிஷ் அல்லது கேபிள் டிவி வயரை மட்டும் பிடுங்குங்கள். அதில் நின்றால், சேர் வீட்டில் ஓடிய அதே சுற்றுத்தான், ஏர்த் லூப் என்று எழுதி வையுங்கள். நிற்காவிட்டால் ரிசீவரில் கொழுவியிருக்கும் கம்பியூட்டர், ரவுட்டர் வயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கடைசியில் ரிசீவரும் சப்பும் மட்டும் மிஞ்சி, அப்போதும் இரைந்தால்தான் இன்னொரு கேபிளை இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம்.

தீர்வும் மரப்பெட்டிக்குள் வருவதில்லை. ரிசீவர், டிவி, சப் எல்லாவற்றையும் ஒரே சொக்கட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், சில வீட்டில் அதுவே போதும். கேபிள் டிவி வயர் என்றால் அதில் போடும் சின்ன ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, ஏர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) காரியத்தை முடித்துவிடும். டிஷ் வயரில் அதைப் போடாதீர்கள். டிஷ்ஷின் தலையிலிருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்த வயர் வழியாகத்தான் போகிறது. சாதாரண ஐசொலேட்டர் அதை மறித்துவிடும், படமும் நின்றுவிடும். டிஷ் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிரவுண்ட் புளொக் (வயரின் ஷீல்டை ஏர்த்தோடு இணைக்கும் உலோகத் துண்டு) வைத்து, அதை வீட்டின் பிரதான ஏர்த்தோடு தொடுப்பதுதான் முறை. வயரிங் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சேர் வீட்டில் அதைத்தான் செய்தோம். இதற்கு வழியில்லை என்றால் சப் கேபிளில், ஏர்த் தொடர்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்போமர். அதில் மலிவைத் தேடாதீர்கள், சுண்டுவிரல் அளவு டிரான்ஸ்போமர் 20, 30 ஹேர்ட்ஸை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைத் தரும்.

இனி ஏர்த் பின்னை வெட்டுகிற வீரர்கள். மூன்றாவது பின்னை உடைத்தால், அல்லது ஏர்த் இல்லாத அடாப்டர் ஒன்றை இடையில் போட்டால், இரைச்சல் டக்கென்று நிற்கும். நிற்கிறபடியால்தான் பயமாக இருக்கிறது. சப்பின் பின்தட்டு உலோகம். உள்ளே 230 வோல்ட் வயர் கழன்று அதைத் தொட்டால், ஏர்த் இருந்தால் ட்ரிப் சுவிட்ச் அந்தக் கணமே விழும். ஏர்த்தை வெட்டியிருந்தால் தட்டு கரண்டோடு காத்திருக்கும். மார்கழி மழையில் நனைந்த காலோடு டைல்ஸ் தரையில் வந்து அதைத் தொடுகிறவர் ஏர்த் ஆகிவிடுவார். ஆள் தொடாவிட்டால், அதே விலைகூடிய கேபிளின் ஷீல்ட் வழியாக ரிசீவருக்குப் போகும். இப்படி வெட்டிய பிளக் இருக்கும் வீட்டில், அதை மாற்றாமல் நான் வேறு வேலை தொடங்குவதில்லை.

அம்புக்குறி

சில கேபிளில் அச்சடித்திருக்கும் அம்புக்குறி ரிசீவரிலிருந்து சப்பை நோக்கி இருக்கட்டும். மாறிப் போட்டாலும் வீடு எரியாது.

உப்புக் காற்றை மறப்பது

கல்லடி வீடுகளுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்கக் காற்றில் உப்புத்தான். நிக்கல் பிளக் மங்கிப் போகும், வெட்டிய செம்புக் கம்பியின் முனை பச்சை பிடிக்கும், அலுமினியப் பின்னல் வெள்ளை மாவாக உதிரும். இங்கே தங்க முலாம் பூசிய பிளக்குக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. தங்கம் கறுக்காது என்பதுதான் காரணம், சத்தத்தை அது இனிமையாக்காது. வருடத்துக்கு இரண்டொரு தடவை சப்பையும் ரிசீவரையும் ஓஃப் பண்ணி, பிளக்கைத் துளைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

இறுக்கிப் பூட்டும் பிளக்குகளில் மட்டும் கவனம். பூட்டைத் தளர்த்த மறந்து இழுத்தால், பிளக்கோடு ரிசீவரின் துளையும் கையோடு வரும். பலகையிலிருந்து பிய்ந்து வந்த துளையைத் திரும்ப ஒட்டுவது, கேபிள் விலையைவிடக் கூடின வேலை.

ஒய் கேபிள்

சப்பில் ‘எல்.எஃப்.இ’ என்று எழுதிய துளை இருந்தால் ஒற்றைக் கேபிள் போதும். இடம், வலம் என்று இரண்டு துளை மட்டுமிருந்து, மெல்லிய சத்தத்துக்குச் சப் தானாக விழிக்காமல் கிடந்தால், ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் உதவும். சில சப்பில் அளவு 6 டெசிபல் வரை ஏறும். அதைக் கேட்டுவிட்டு ‘கேபிள் மாத்தினதும் பேஸ் அள்ளுது’ என்று சொல்லாதீர்கள். ரிசீவரின் அளவு பார்க்கும் மைக்கை வைத்து அளவைத் திரும்பச் சரிசெய்யுங்கள்.

ஓடும்போது கழற்றுவது

ஆர்சிஏ பிளக்கில் நடு ஊசிதான் முதலில் தொடும், ஷீல்ட் பிறகு. அந்த இடைவெளியில் சப் போடும் சத்தத்துக்கு, அதிர்ந்து சத்தம் தரும் கோன் கிழிந்தாலும் கிழியும். ஓஃப் பண்ணுங்கள்.

இடம் பார்க்குமுன் நீளம் வாங்குவது

40 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். எங்கள் ஹோல்கள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை, நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், கீழே டைல்ஸ். ஒரு மூலையில் பேஸ் குவியும், சோபாவில் ஒன்றுமே இராது. சப்பை மூன்றடி தள்ளி வைத்தால் வரும் மாற்றம் எந்தக் கேபிளாலும் வராது. ஆகவே சாதாரண நீட்டுக் கேபிள் ஒன்றை வைத்துக்கொண்டு, சப்பைத் தூக்கி நீங்கள் இருக்கும் சோபாவிலேயே வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரம் முழங்காலில் ஊர்ந்து கேளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கே பேஸ் சமனாகக் கேட்கிறதோ அங்கே சப்புக்கு இடம். அதற்குப் பிறகு டேப்பை எடுத்து, சுவரோரமாகக் கதவு நிலையையும் சுற்றி அளந்து, ஒரு மீட்டர் கூட்டி வாங்குங்கள். மின் வயர் குறுக்கே வந்தால் அதை நேர்குத்தாகக் கடந்து போகட்டும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டாம். மிச்சத்தைச் சுருட்டி பிளக் பலகைக்கு மேலே வைக்காமல் சப்புக்குப் பின்னால் தளர விட்டுவிடுங்கள்.