சனிக்கிழமை அரை மணி நேரம்: வானொலி நிகழ்ச்சி செய்யத் தொடங்குவது எப்படி?

சமூக வானொலியில் உங்களுக்கு ஒரு அரை மணி நேரம் தருகிறோம் என்றால் பயந்து விலக வேண்டாம், கையில் இருக்கும் போனை வைத்தே தொடங்கலாம். ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: சனி, ஞாயிறு காலையில் யாரும் வானொலிக்கு முன்னால் குந்தியிருந்து கேட்பதில்லை. மீன் வெட்டிக்கொண்டும் உடுப்புத் தோய்த்துக்கொண்டும் ஆட்டோ ஓட்டிக்கொண்டும் கேட்கிறார்கள், பாதியில் வந்து பாதியில் போகிறார்கள்.

முதலில் தலைப்பு. ‘திருகோணமலையின் வரலாறு’ என்று எடுத்தால் ஒரு வருடம் பேசினாலும் முடியாது. அதைவிட, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் சனம் எப்படி அக்கரைக்குப் போய் வந்தது என்று எடுங்கள். அந்த நாளில் கரையில் காத்துக் கிடந்த இரண்டு பேர் கிடைத்தால் போதும்.

அடுத்தது ஒலிப்பதிவு, புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அழைப்பு வந்து குறுக்கிடாமல் போனை விமான நிலைக்கு (airplane mode) மாற்றி, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள், இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள் (திரும்பப் போட மறந்தால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள்). டச்பே கடற்கரையில் பதிவு செய்ய ஆசை வரும், ஆனால் அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கில் ஒரு துணி உறை போட்டால்தான் குரல் தப்பும். கேள்வியும் முக்கியம். “கஷ்டமாக இருந்ததா ஐயா?” என்றால் “ஓம்” என்று முடித்துவிடுவார். “மழை நாளில் பிள்ளையைக் காய்ச்சலோடு எப்படி ஐயா கொண்டு போனீங்க?” என்று கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் ‘ம்ம்’ எல்லாம் பதிவில் ஏறிவிட்டால் வெட்டி எடுப்பது பெரிய தலையிடி. எல்லாம் முடிந்த பிறகு அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிந்து வையுங்கள், வெட்டிய இடங்களை ஒட்டும்போது உதவும்.

சரி, நேரக் கணக்கு. நிலைய அறிவிப்பு, விளம்பரம் போக 26 நிமிடம் என்று வைப்போம்: தொடக்கம் 1, முதல் பேட்டி 8, பாட்டு 4, இரண்டாவது பேட்டி 7, நேயர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் 4, முடிவு 2. பாட்டை ஒலிபரப்ப உரிமை இருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது காதுக்கு எழுதுங்கள். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான் நிற்பதை வானொலியில் காட்ட முடியாது, “வலப்பக்கம் மரத்தடியில் மூன்று மான், ஒன்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்கிறது” என்று சொன்னால்தான் தெரியும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தடவை யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று திரும்பச் சொல்லுங்கள். உங்களுக்கு அலுக்கும், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவருக்கு அலுக்காது.

பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி (Audacity) என்ற கணினி மென்பொருள் போதும், இலவசம். அதன் சத்த அளவுமானியில் உச்ச சத்தம் மைனஸ் 3 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். வேவ் (WAV) கோப்பாகச் சேமித்து, பெயரில் ஒலிபரப்புத் திகதியைப் போட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன்னமே கொடுத்துவிடுங்கள், கூடவே எந்த நிமிடத்தில் எது வரும் என்று எழுதிய நேரத் தாளில் ஒரு பிரதி ஒலிபரப்பு அறையில் இருப்பவருக்கு.