வாடிய ஓர்க்கிட்டைப் பிழைக்க வைக்க: சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்

இலை தளர்ந்தால் கை தானாகவே தண்ணீர் வாளியைத் தேடும். பல ஓர்க்கிட்கள் சாவது அதனால்தான். தண்ணீர் காணாத செடியும் வேர் அழுகிய செடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: இலை துவண்டு, தண்டு வரிவரியாகச் சுருங்கிக் கிடக்கும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. சாடிக்குள் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் கிடக்கும். அதற்கு மேலும் ஊற்றினால் மிச்ச வேரும் போய்விடும்.

இங்கே சொல்வது டென்ட்ரோபியத்துக்கு. திருகோணமலை வெக்கைக்கு ஈடுகொடுக்கும் இனம் அது.

1. கழற்றுதல்

சாடியைப் பத்து, பதினைந்து நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். வேர் இளகி வரும். மண்சாடியில் ஒட்டிய வேரை இழுத்துப் பிய்க்க வேண்டாம்; சாடியை உடைத்துவிடுவது மேல். சாடியில் இட்ட பழைய பொச்சு (தேங்காய் மட்டை நார்) மண்போல உதிர்ந்தால் நோய்க்குக் காரணம் அதுவாகவே இருக்கும்: காற்றுப் போக வழியில்லாமல் வேர் மூச்சடைத்திருக்கிறது.

இனி ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். நல்ல வேர் இறுக்கமாக இருக்கும். காய்ந்திருக்கையில் வெள்ளையாகவும் நனைந்ததும் பச்சையாகவும் தெரியும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பொச்சின் சாயம் ஏறிப் பழுப்பான வேரும் உயிரோடிருக்கலாம். அழுத்திப் பார்த்தே முடிவெடுங்கள்.

2. வெட்டுதல்

பிளேட்டை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் மறுபடி காட்ட வேண்டும். வைரஸ் நோய் பிளேட் வழியாகவும் பரவும். அழுகிய வேரை இறுக்கமான பகுதி வரும்வரை வெட்டி, வெட்டிய வாயில் மட்டும் கறுவாத்தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் தூவினால் அது காய்ந்துபோகும்.

இலையில்லாத பழைய தண்டுகளை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடுவார்கள். கூடாது. பச்சையாக, இறுக்கமாக இருக்கும்வரை அதுதான் செடியின் களஞ்சியம். மஞ்சளாகி நசிந்ததை மட்டும் எடுங்கள். பூந்தண்டு இருந்தால், மனம் வராவிட்டாலும், நறுக்கிவிடுங்கள். பிறகு செடியை நிழலில் ஒரு நாள் சும்மா தொங்கவிடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் ஓர் இரவு போதும்.

3. மீண்டும் நடுதல்

பக்கத்தில் துளையுள்ள, வேர் மட்டுமட்டாக அடங்கும் மண்சாடி, பெரும்பாலும் 10 முதல் 12 சென்ரிமீற்றர் அகலம். பெரிய சாடி காய நாளெடுக்கும்; பழையபடி அழுகல்தான். அடியில் ஓட்டுத்துண்டு, மேலே இரண்டு பங்கு கரி, ஒரு பங்கு பொச்சுமட்டைத் துண்டு, எல்லாம் 2 முதல் 3 சென்ரிமீற்றர் அளவில். பொச்சை இரண்டு நாள் ஊறவைத்து, இடையில் தண்ணீரை மாற்றுங்கள். உப்பும் கறையும் இறங்கும். மண், சாணம் எதுவும் வேண்டாம். செடியை ஒரு குச்சியோடு அசையாமல் கட்டுங்கள். ஆடும் செடியில் புது வேர் நுனி உரசி முறியும்.

வேரே மிஞ்சவில்லையா? ஈரம் பிழிந்த பொச்சில் சாய்த்து, கண்ணாடிபோலத் தெரியும் பொலித்தீன் பைக்குள் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வெளிச்சம் வேண்டும், வெயில் படக்கூடாது.

4. தண்ணீரும் காற்றும்

கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர். திருகோணமலைக்குப் பக்கத்து ஊரான உப்புவெளியின் பெயரே சொல்கிறதே! சாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் தண்ணீரில் உப்பு இருக்கலாம். கொதிக்கவைத்தால் உப்புப் போகாது. மாரியில் மழைநீரைப் பிடித்து, நுளம்பு புகாமல் மூடி வையுங்கள்.

கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஒரே மத்தியானத்தில் வேர் நுனியைக் கருக்கிவிடும். கிழக்கு விறாந்தைதான் அப்போது நல்ல இடம்: காலை இளவெயில் கிடைக்கும், வீடே காற்றை மறிக்கும். தினமும் காலையில் தண்ணீர் விடுங்கள். வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் கூரைக்குக் கீழே எடுத்து, பொச்சு காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

5. உரம்

புது வேர் 3 சென்ரிமீற்றர் நீளும்வரை உரமே வேண்டாம். பிறகு 20-20-20 உரம் (நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சமமாக உள்ளது) லீற்றருக்குக் கால் தேக்கரண்டி, வாரம் ஒருமுறை, வேரை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு.

நலிந்த தண்டின் கணுவில் சின்னக் குட்டி முளைத்தால் பறிக்காதீர்கள். அதன் வேர் 5 சென்ரிமீற்றர் ஆனதும் தனியாக நடலாம். தாய் செத்தாலும் குட்டி மிஞ்சும்.

உங்களிடம் இருப்பது ஃபெலனொப்சிஸ் வகை ஓர்க்கிட் என்றால் கூடுதல் நிழல் வேண்டும். நடுக்குருத்தில் தேங்கும் தண்ணீரை ரிஷுவால் ஒற்றி எடுங்கள், இல்லையேல் குருத்தழுகல். மலைநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் சிம்பிடியத்துக்கு இரவுக் குளிர் வேண்டும். இங்கே அது பூப்பது அரிது.

சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராது. புது முளையின் அடியில் பச்சை வேர் நுனி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்த அன்றிரவே ரோர்ச் அடித்துச் சாடியடியைத் தேடுங்கள். மாரியில் நத்தை முதலில் தின்பது அந்த நுனியைத்தான்.