குதிகாலுக்கு மேலே வலி: 58 வயதில் நான் சரிசெய்த விதம்

சென்னை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும்போது, குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாரில் வலி பிடித்துக்கொண்டது. கட்டிலை விட்டு இறங்கினால் முதல் சில அடி நொண்டல். நடக்க நடக்கக் குறையும். தொட்டால் அந்த இடம் தடிப்பாக இருந்தது. வயதான தசைநாருக்கு ஓய்வு மட்டும் போதாது, பாரம் தாங்கப் பழக்க வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மாடிப்படி விளிம்பில் முன்பாதம் மட்டும் பதித்து, கைப்பிடியைப் பிடித்து, இரு காலாலும் எம்பி, வலிக்கிற காலில் மட்டும் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று சுற்று. அப்புறம் லேசாக மடக்கி அதே அளவு. தினமும் இரு வேளை, 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998-இல் வெளியிட்ட முறை இது. செய்யும்போது ஓரளவு வலிக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் குதிகால் எலும்போடு தசைநார் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால், படிக்குக் கீழே குதிகாலை இறக்கக் கூடாது. சமதரையில்தான் செய்ய வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

மேம்பால ஏற்றத்தையும் வேக ஓட்டத்தையும் நிறுத்தி, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினேன். காலை நொண்டல்தான் முதலில் விட்டது. நீண்ட ஓட்டத்தைக் கடைசியாகச் சேர்த்தேன்.