உள்ளறைகளைக் கழற்றி மாற்றும் கைப்பை: அளவு, வெட்டு, தையல்

கழற்றி மாட்டும் அறைகள் கொண்ட பை தைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் வெளிப்பையை முதலில் தைத்து முடித்துவிடுகிறார்கள். பிறகு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கேற்ப அறைகளை அளந்து தைக்கிறார்கள். முதல் பைக்கு அது பொருந்தும். இரண்டாவது பை தைக்கும்போது பட்டன்கள் அரை செ.மீ. தள்ளி உட்காரும், பழைய அறை அதில் மாட்டாது. அதனால் இந்த வகைப் பையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது பட்டன் உட்காரும் இடங்களைத்தான். பையின் வடிவம், நிறம், கைப்பிடி எல்லாம் அதற்குப் பிறகு.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் பையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, அடையாள அட்டை, செல்போன், சார்ஜர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனால் டப்பா அறை வேண்டாம், சீப்பும் பவுடரும் குழந்தையின் மாற்றுத் துணியும் வேண்டும். பை அதேதான், அறைதான் மாறுகிறது. சாம்பார் கொட்டினாலும் ஒரு அறையைக் கழற்றித் துவைத்தால் போதும்.

மாறாத அளவுகள்

இங்கே சொல்லும் பையின் உள்ளளவு: அகலம் 30, உயரம் 24, ஆழம் 12 செ.மீ. முன்சுவர், பின்சுவர் இரண்டிலும் தளத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரே வரிசையாக ஆறு டிச் பட்டன்கள் வரும். அடுத்தடுத்த பட்டன்களுக்கு இடையே 5 செ.மீ. இந்த இடங்களைச் சுவரின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2.5, 7.5, 12.5 செ.மீ. என்று குறியுங்கள். ஓரத்திலிருந்து அளந்தால் வெட்டில் வரும் 2 மி.மீ. பிழை எல்லாப் பட்டன்களையும் தள்ளிவிடும்.

அறைகளின் அகலம் 10, 15, 30 என்ற மூன்றில் ஒன்று. தைத்து முடிந்த அளவு முறையே 9.5, 14.5, 29 செ.மீ. இருக்க வேண்டும். சரியாக 10 என்று தைத்தால் மூன்று அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தையல் தடிப்பு இடத்தைத் தின்றுவிடும், நடு அறை பிதுங்கும். 10 அறைக்கு இரண்டு பட்டன், நடுவிலிருந்து 2.5 தள்ளி இருபுறமும். 15 அறைக்கு மூன்று: நடுவில் ஒன்று, 5 தள்ளி இருபுறமும் ஒவ்வொன்று. இப்படி இருந்தால் எந்த அறையும் எந்த இடத்திலும் உட்காரும்.

ஆழத்துக்கு ஒரே விதிதான். எதிரெதிர்ச் சுவர்களில் நேருக்கு நேர் வரும் அறைகளின் ஆழத்தைக் கூட்டினால் 11 செ.மீ. தாண்டக் கூடாது.

கோப்பு கொண்டுபோகிறவருக்கு இந்த அகலம் போதாது. ஏ4 தாள் 21 × 29.7 செ.மீ., 29 அறையில் மடக்காமல் நுழையாது. அவருக்கு உள்ளகலம் 35 ஆக்கி ஏழு பட்டன் வையுங்கள். சின்னப் பை கேட்டால் 20 ஆக்கி நான்கு பட்டன். அகலம் மட்டும்தான் மாறலாம். உயரமும் ஆழமும் பட்டன் இடைவெளியும் எந்தப் பையிலும் மாறக் கூடாது.

1.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் 44 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நடுக்கோடு கீறி, ஆறு இடங்களிலும் ஊசி நுழையும் அளவு துளை போடுங்கள். பைக்கும் அறைக்கும் குறி வைப்பது இதிலிருந்து மட்டுமே, டேப் வைத்து அளப்பதே கூடாது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. இன்றும் குழுவாகத் தைப்பவர்கள் வேலையைப் பிரித்து வீட்டுக்கு வீடு தைப்பது இங்கே வழக்கம். ஐந்து வீட்டில் தைத்தால் ஐந்து தகடு வேண்டும், ஐந்தும் ஒரே தகட்டின் மேல் வைத்துத் துளைத்ததாக இருக்க வேண்டும். டேப் ஆளுக்கு ஆள் மாறும், பழையது நீண்டும் இருக்கும்.

எதில் மாட்டுவது

வெல்க்ரோ எளிது. ஆனால் சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்து நூல் பிரிக்கும், கொஞ்ச நாளில் தூசி அடைந்து பிடி விடும். காந்த பட்டன் பாரம் தாங்காது, பக்கவாட்டில் வழுக்கிக் கழன்றுவிடும். காந்தப் பட்டை உள்ள அட்டைகளுக்கும் அது ஆகாது. உலோக டிச் பட்டன், 12.5 மி.மீ., வளைய ஸ்பிரிங் உள்ளது, இதற்கு நல்லது. மெல்லிய கம்பி ஸ்பிரிங் உள்ளது சட்டைக்குச் சரி, பைக்குப் போதாது.

பட்டனின் குழிப் பகுதி பையின் சுவரில், குமிழ்ப் பகுதி அறையில். மாற்றி வைத்தால் அறை மாட்டாத இடங்களில் குமிழ் துருத்திக்கொண்டு செல்போன் திரையைக் கீறும்.

டிச் பட்டன் கீழ்நோக்கி இழுத்தால் நன்றாகத் தாங்கும், சுவரிலிருந்து உரிப்பதுபோல் இழுத்தால் சட்டென்று விடும். அப்படி விடுவதற்காகத்தான் அதைச் செய்ததே. எனவே கனமான அறை பட்டனில் தொங்கக் கூடாது. அது பையின் தளத்தில் நிற்க வேண்டும், பட்டன் அதைச் சாயாமல் பிடித்திருந்தால் போதும். அதற்காக அறையின் பட்டனைத் தளத்திலிருந்து 20.5 செ.மீ. உயரத்தில் வையுங்கள். சுவரில் 20, அறையில் 20.5. அந்த அரை செ.மீ. தளர்வில்தான் பாட்டிலின் கனம் தளத்துக்கு இறங்குகிறது.

பொருள்

வெளிப்பக்கத்துக்கு 1 மி.மீ. ரெக்சின், 54 அங்குல அகலத்தில் அரை மீட்டர். பைக் சீட் கவர் தைக்கும் கடைகளில் ரெக்சினும் ஃபோமும் தடித்த நூலும் கிடைக்கும், ஒன்றிரண்டு பைக்கு அதுவே போதும். மொத்தமாக வேண்டுமானால் பெங்களூரு சிக்பேட்டை. தோல் துண்டுகளுக்கு ஆம்பூர், வாணியம்பாடி பக்கம். லைனிங்குக்கும் அறைகளுக்கும் பர்கூர் துணிக்கடைகளில் தேடலாம். நான்கு அறைக்கும் பைக்கும் சேர்த்து 44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் எடுங்கள். பருத்தி என்றால் வெட்டும் முன் நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும்.

இவற்றோடு 25 மி.மீ. நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன் நாடா 2 மீட்டர் (கைப்பிடிக்குத் தனி), டிச் பட்டன் 12 ஜோடி, 3 மி.மீ. ஃபோம், எண் 5 ஜிப் 40 செ.மீ., பாட்டில் அறைக்கும் டப்பா அறைக்கும் ரெயின்கோட் துணி, தளத்துக்கு 29.5 × 11.5 செ.மீ. பிளாஸ்டிக் தகடு. தகட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் ரெக்சினைக் குத்தி வெளியே வரும். நூல் பாலியெஸ்டர் அல்லது நைலான். ஊசி 16, நாடா வரும் இடத்தில் 18.

பையின் உட்சுவர்

லைனிங்கில் 44 × 32 செ.மீ. இரண்டு துண்டு வெட்டி, இரண்டின் கீழ் மூலைகளிலும் 6 × 6 சதுரம் வெட்டி எடுங்கள். எல்லாப் பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. இதில் அடக்கம். தைத்து மூலை மடித்ததும் 30 × 24 × 12 வரும்.

இரண்டு துண்டையும் இணைக்கும் முன்பே நாடா வேலை முடிய வேண்டும். மேல் வெட்டு ஓரத்திலிருந்து 5 செ.மீ. கீழே நாடாவின் நடு வருமாறு, 44 செ.மீ. நீளமும் குறுக்கே வைத்து, இரு ஓரத்திலும் 2 மி.மீ. உள்ளே தையுங்கள். துணியின் பின்னால் 4 செ.மீ. அகல ரெக்சின் பட்டை ஒன்று சேரட்டும். நாடாவின் இரு முனையும் பக்கத் தையலுக்குள் போக வேண்டும். சுவரின் நடுவில் நாடா முடிந்தால் பாரம் முழுவதும் லைனிங் துணியில் விழும், சில மாதத்தில் நாடாவின் முனையில் துணி கிழியும். நடுக்கோட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருபுறமும் 7 செ.மீ. நாடாத் துண்டு ஒன்றை மேல் ஓரத்திலிருந்து குறுக்கு நாடா வரை நெட்டாகத் தையுங்கள். கைப்பிடியும் அதே இடத்தில் வருமாறு வெளிப்பக்கம் வைத்தால் அறைகளின் இழுப்பு நேரே கைப்பிடிக்குப் போகும். 10 என்பது 7.5, 12.5 பட்டன்களுக்கு நடுவே விழுவதால் எதிலும் மோதாது.

இப்போது துளை போட்ட தகட்டுப் பட்டையை வைத்துக் குறியிட்டு பட்டன் அடியுங்கள். துளைக்கு பஞ்ச் வேண்டாம், அது நாடாவின் இழைகளை அறுத்துவிடும். குத்தூசியால் இழைகளை விலக்கி வழி செய்தால் நாடாவின் பலம் குறையாது. அடித்த பிறகு பட்டனை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் சரியாக நெரியவில்லை. தண்டு ஒரு பக்கமாக மடிந்திருந்தால் துணியின் தடிமன் குறைவு, பின்னால் இன்னொரு ரெக்சின் துண்டு வையுங்கள். தண்டு வெளியே எட்டவே இல்லையென்றால் தடிமன் அதிகம்.

பிறகு லைனிங்கின் பக்கமும் அடியும் தைத்து, கடைசியில் பையைப் புரட்டி எடுக்க அடித்தையலில் 15 செ.மீ. திறப்பு விடுங்கள். பக்கத் தையலில் நான்கு அடுக்கு தடிக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கி, மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள். வேகமாக ஓட்டினால் ஊசி உடையும்.

வெளிப்பகுதி

லைனிங் அளவு மாறக் கூடாது என்பதால் வெளிப்பகுதியைத்தான் பெரிதாக்க வேண்டும்: 45 × 32.5 செ.மீ., மூலைச் சதுரம் அதே 6. ஃபோமை எல்லாப் பக்கமும் 1 செ.மீ. குறைத்து வெட்டி ஒட்டுங்கள், தையலுக்குள் ஃபோம் போகக் கூடாது. இந்த ஃபோம் இல்லாவிட்டால் உள்ளே அடித்த பட்டன்களின் வட்டத் தடம் ரெக்சினில் தெரியும். மேல் 2 செ.மீ.-இல் மட்டும் பக்கத் தையலை 5 மி.மீ. கூடுதலாக உள்ளே எடுத்தால் லைனிங்கின் வாயும் இதன் வாயும் ஒன்றாகும்.

ரெக்சினில் குண்டூசி குத்தினால் துளை நிரந்தரம், கிளிப் போடுங்கள். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் தையல் கோட்டிலேயே கிழியும். சித்திரை வெயிலில் ரெக்சின் மிஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகராது. டெஃப்லான் கால் மாட்டுங்கள், இல்லையென்றால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துக் கிழித்துவிடலாம்.

ஜிப்பை வாயின் இரு ஓரத்திலும் நேராகத் தைத்துவிடாதீர்கள். மூடும்போது வாய் குறுகி இரு சுவரும் உள்ளே சாயும், நிற்கும் அறைகளை நெருக்கிப் பட்டனை உரித்து இழுக்கும். ஜிப்பின் இருபுறமும் 5.5 செ.மீ. பட்டை சேர்த்து, ஜிப்போடு 12 செ.மீ. அகலக் கூரையாக்கி, வெளிப்பகுதியின் வாயும் லைனிங்கின் வாயும் சேரும் மேல் தையலில் கொடுங்கள். பட்டைக்கு 32 × 7.5 செ.மீ., ரெக்சினில் இரண்டு, லைனிங்கில் இரண்டு.

அறைகள்

பாட்டில் அறையைச் சொன்னால் மற்றவை புரியும். ரெயின்கோட் துணியில் சுற்றுச்சுவர் 40 × 21 செ.மீ. (9.5 நான்கு பக்கம், தையல், மேல் மடிப்பு), அடித்துண்டு 11.5 × 11.5. உயரம் 18 வரும். தண்ணீர் கசிவது துணியில் அல்ல, அடித்தையலின் ஊசித் துளைகளில். அடித்துண்டை 15.5 × 15.5 ஆக வெட்டி, மூலைகளை மடித்து, சுவரில் 2 செ.மீ. ஏறுமாறு தைத்தால் தையல் தளத்தில் இருக்காது.

அறையின் பின்சுவரில் பட்டன் அடிக்க ஒரு நாக்கு: 11.5 × 16 செ.மீ. துணியை இரண்டாக மடித்து, உள்ளே நாடா வைத்து, 9.5 × 7 ஆக்கி, 3 செ.மீ. அறையின் மேலும் 4 செ.மீ. அறைக்கு வெளியே நிற்பதாகவும் தையுங்கள். அறையின் மேல் ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. மேலே பட்டன் வரிசை. குமிழ் சுவரைப் பார்க்க வேண்டும். நாக்கில் நாடா கட்டாயம். பருத்தி நாக்கு துவைத்து 5 சதவீதம் சுருங்கினால் 15 அறையின் ஓரப் பட்டன்களுக்கு நடுவே உள்ள 10 செ.மீ. 9.5 ஆகிவிடும், பிறகு மூன்றும் ஒன்றாக மாட்டாது. முதல் முறை தைப்பவர்கள் ஒரே நாக்குக்குப் பதில் பட்டனுக்கு ஒன்றாகத் தனித்தனி நாடா நாக்கு வைக்கலாம். இரண்டு, மூன்று மி.மீ. பிழையை அது பொறுத்துக்கொள்ளும்.

டப்பா அறை 14.5 அகலம், 11 ஆழம், பின்சுவர் 18, முன்சுவர் 12 போதும். செல்போன், பர்ஸ், அடையாள அட்டைக்கு 14.5 அகலம், 2 ஆழம் உள்ள தட்டை அறை. இது லேசானது, தொங்கலாம். செல்போனை வாசலில் வாங்கி வைக்கும் தொழிற்சாலைகளில் இந்த அறையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்பதால் இதற்கு மேல் ஜிப் வையுங்கள். அலங்காரப் பொருளுக்கு 9.5 அகலம், 4 ஆழம். எந்த அறையிலும் காகித அட்டை வைக்காதீர்கள், துவைத்தால் ஊறி உப்பும்.

மாட்டும்போது பாட்டிலும் டப்பாவும் உடம்பை ஒட்டிய சுவரில், முடிந்தவரை நடுவில். ஒரு ஓரத்தில் பாட்டில் இருந்தால் பை தோளில் சாய்ந்தே தொங்கும்.

சோதனை, பழுது

1 லிட்டர் பாட்டில் நிரப்பி, மொத்தம் 4 கிலோ வைத்து, ஒரு இரவு ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் நாடாவின் முனையும் கைப்பிடியின் அடியும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு அறையையும் எல்லா இடங்களிலும், முன்சுவரிலும் பின்சுவரிலும், மாட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் இறுக்கம் என்றால் பையில் பிழை. எல்லா இடத்திலும் இறுக்கம் என்றால் அறையில் பிழை.

லைனிங்கின் அடியில் விட்ட 15 செ.மீ. திறப்பைக் கடைசியில் மூடும்போது ஓரத்தில் 2 மி.மீ. விட்டு ஒற்றைத் தையல் போதும், ஒட்ட வேண்டாம். பட்டன் தளர்ந்த பை திரும்பி வந்தால் அந்தத் தையலைப் பிரித்து லைனிங்கை வெளியே இழுத்து, பட்டனை வெட்டி எடுத்து, பின்னால் புது ரெக்சின் துண்டு வைத்து அதே துளையில் புதிதாக அடித்து, திறப்பை மறுபடி தைத்துவிடலாம். வெளிப்பக்கத்தில் ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியதில்லை.