ஆன், ஓவர், அபவ்: எந்த ‘மேல்’ எங்கே?

என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: ஆன், ஓவர், அபவ் மூன்றும் குழப்பினால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘மேசை மேல் விளக்கு’ என்றால் விளக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. ‘மேசைக்கு மேல் விளக்கு’ என்றால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அந்த ‘க்கு’ வந்துவிட்டால் ஆன் போடக் கூடாது. இவ்வளவு நல்ல அளவுகோல் நம் வாயிலேயே இருக்கும்போது நீளமான விதிப் பட்டியலை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஆன் என்பதற்குத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மேல்பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உத்தரத்தில் தலைகீழாக ஒட்டியிருக்கும் பல்லியும் ‘ஆன் தி சீலிங்’தான். ‘சுவரில் படம்’ என்று சொல்லிப் பழகியதால் பலர் ‘இன் தி வால்’ என்று எழுதிவிடுகிறார்கள். சுவருக்குள் இறங்கிய ஆணிதான் இன். அதில் தொங்கும் படம் ஆன்.

அடுத்தது ஓவரா, அபவா? ஒன்று இன்னொன்றைத் தாண்டிப் போனாலோ மூடினாலோ ஓவர். மதிலைத் தாண்டிக் குதிப்பது, ஆற்றின் குறுக்கே பாலம் எல்லாம் இதில் சேரும். குழந்தைக்குப் போர்வை போர்த்தும்போது துணி உடம்பைத் தொட்டாலும் ஓவர்தான், ஏனென்றால் அங்கே மூடுவதுதான் சேதி. வெறுமனே உயரத்தில் இருப்பதைச் சொல்ல அபவ். மாடி வீடு ‘தி ஃப்ளாட் அபவ் அவர்ஸ்’. எவரெஸ்ட் 8,849 மீட்டர் ‘அபவ் ஸீ லெவல்’. மேசைக்கு நேர் மேலே தொங்கும் விளக்குக்கு இரண்டுமே சரி. அங்கே யோசித்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

எண்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். வயது, ஆள் எண்ணிக்கை, பணம் என்றால் பெரும்பாலும் ஓவர்: ‘ஓவர் 18’. வெப்பநிலை, சராசரி போல ஒரு மட்டத்தோடு ஒப்பிட்டால் அபவ்: ‘அபவ் ஸீரோ’.

கீழே வந்தால் இதே கணக்குதான்: ஓவருக்கு எதிர் அண்டர், அபவுக்கு எதிர் பிலோ. ‘அண்டர் 18’, ‘பிலோ ஸீரோ’. ஆனால் ஆனுக்கு ஜோடியாக அங்கே தனிச்சொல் இல்லை. கட்டிலுக்கு அடியில் தொடாமல் கிடக்கும் செருப்பும் அண்டர், தலையணை அழுத்திக்கொண்டிருக்கும் சாவியும் அண்டர்.

கட்டுரையிலோ கடிதத்திலோ ‘மேலே காண்க’, ‘கீழே காண்க’ என்று எழுத ‘ஸீ அபவ்’, ‘ஸீ பிலோ’ மட்டுமே. அங்கே ஓவரும் அண்டரும் பொருந்தாது.