எபாநெட்டைக் கமாண்ட் லைனில் ஓட்டுவது: பெங்களூர் குழாய்களுக்கு

ஒரு வார்டின் குடிநீர் மாடலில் குழாய் விட்டத்தை மாற்றி மாற்றி இருநூறு தடவை ஓட்டிப் பார்க்க மவுஸ் உதவாது. குழாய் வலையில் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் மென்பொருள் எபாநெட். அதன் 2.2 பதிப்புடன் ‘ரன்எபாநெட்’ என்ற சிறு நிரல் வருகிறது. டெர்மினலில் அதன் பெயரை அடித்து, பின்னாலேயே மூன்று ஃபைல் பெயர்களை இந்த வரிசையில் கொடுங்கள்: குழாய் வலையின் விவரங்கள் உள்ள ஐஎன்பி உள்ளீடு, ரிப்போர்ட், பைனரி முடிவு. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று எரர் 302 வரும்.

ரிப்போர்ட்டில் அழுத்தமே அச்சாகவில்லையா? ஐஎன்பியின் ‘ரிப்போர்ட்’ பகுதி சொல்லாதவரை எபாநெட் நோடுகளையும் (சந்திப்பு, தொட்டி) லிங்க்குகளையும் (குழாய், பம்ப், வால்வு) அச்சிடாது. இரண்டுக்கும் ‘ஆல்’ என்று எழுதுங்கள். ‘டைம்ஸ்’ பகுதியில் டியூரேஷன் இல்லையென்றால் ஒரே ஒரு கணத்துக்கான கணக்குதான் கிடைக்கும்.

ஓட்டுமுன் அலகைப் பாருங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் நீரோட்டத்துக்கு ஜிபிஎம் (நிமிடத்துக்கு கேலன்) என்றும் விட்டத்துக்கு அங்குலம் என்றும் எடுத்துக்கொள்ளும். அப்போது 150 மிமீ குழாய் 150 அங்குலக் குழாயாகிவிடும். எல்பிஎஸ் (நொடிக்கு லிட்டர்) அல்லது எம்எல்டி (நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர்) என்று போட்டால் விட்டம் மிமீ, உயரம் மீட்டர். பெங்களூர் தரைமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். நோடுகளுக்கு அந்த உயரத்தைக் கொடுத்துவிட்டு, ரிசர்வாயர் ஹெட்டில் (நீர்மட்ட உயரம்) தொட்டியின் 25 மீட்டரை மட்டும் எழுதினால் அழுத்தம் மைனஸ் 875 மீட்டருக்குப் போகும்.

மற்ற எதையும்விட டிமாண்டில்தான், அதாவது தண்ணீர்த் தேவையில்தான், அதிகக் கவனம் வேண்டும். தலைக்கு நாளைக்கு 135 லிட்டர் என்றால், ஆயிரம் பேருக்கு 24 மணி நேரச் சராசரி நொடிக்கு 1.56 லிட்டர். ஆனால் காவிரித் தண்ணீர் நாள் விட்டு நாள் மூன்று மணி நேரம் வரும் தெருவில், இரண்டு நாள் தண்ணீரும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் சம்ப்பில் இறங்க வேண்டும். அது 16 மடங்கு, நொடிக்கு 25 லிட்டர். சராசரியை வைத்து ஓட்டினால் எல்லாக் குழாயும் போதும் என்றுதான் மாடல் சொல்லும். கடைசி வீட்டுக்கோ தண்ணீர் எட்டாது.

25 லிட்டரைப் போட்டதும் மேட்டுத் தெருக்களில் நெகட்டிவ் பிரஷர் வரலாம். அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், கேட்ட தண்ணீர் முழுவதும் கிடைப்பதாகவே வழக்கமான கணக்கு போகிறது. ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் டிமாண்ட் மாடலைப் பிடிஏ (அழுத்தத்தைப் பொறுத்துத் தண்ணீர் தரும் கணக்கு) என்று மாற்றுங்கள். கூடவே ரிக்வயர்டு பிரஷரையும் (கேட்டது முழுவதும் கிடைக்கத் தேவையான அழுத்தம்) எழுதுங்கள், மறந்துவிட வேண்டாம். அதன் இயல்பு மதிப்பு 0.1 மட்டுமே, அதை அப்படியே விட்டால் பிடிஏ போட்டும் பெரிய பலன் இல்லை. தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு இந்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு சொன்ன 7 மீட்டரில் தொடங்கலாம்; தரைக்குக் கீழே உள்ள சம்ப்பில் விழும் இணைப்புக்கு அதைவிடக் குறைவே போதும்.

ஸ்கிரிப்ட்டில் எக்ஸிட் கோடை (நிரல் முடியும்போது தரும் எண்) மட்டும் நம்பாதீர்கள். வார்னிங்குகளோடும் ஓட்டம் முடியும். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ‘வார்னிங்’, ‘எரர்’ என்ற சொற்களைத் தேடி, அகப்பட்டால் அந்த முடிவைத் தனியே ஒதுக்குங்கள். எரர் 224 என்றால் தொட்டியோ ரிசர்வாயரோ மாடலில் இல்லை. 233 என்றால் எதிலும் இணையாத நோடு ஒன்று கிடக்கிறது.

விட்டத்தை மாற்ற ஐஎன்பியை டெக்ஸ்ட்டாக வெட்டி ஒட்டுவது ஆபத்து. எபாநெட் மாடலைத் திருத்தி ஓட்ட உதவும், பைத்தான் மொழியின் டபிள்யூஎன்டிஆர் தொகுப்பே நல்லது. அதில் எல்லாமே மீட்டர், நொடிக்குக் கனமீட்டர் என்ற அலகில்தான், ஐஎன்பியில் எந்த அலகு இருந்தாலும். ஆகவே 150 மிமீ என்பது 0.15. பல ஓட்டங்களை ஒரே நேரத்தில் விட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு ஃபைல் ப்ரிஃபிக்ஸ் (ஃபைல் பெயரின் முன்பகுதி) கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லாமே ‘டெம்ப்’ என்ற ஒரே பெயரில் எழுதும், ஒன்றின் முடிவை மற்றொன்று அழித்துவிடும்.